வயிற்றுவலி என்று எழுதியது

விடியும்போது ஞானமணி எழுந்தாள். அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி வைத்தாள். தலையைப் பின்னி, பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். போவதற்குப் பள்ளிக்கூடம் இல்லை. திருத்தணி மதராஸ் பக்கம் போய், அவர்கள் இருந்த புத்தூர் ஆந்திராவிலேயே தங்கிவிட்ட வருஷம் அது. அவள் பாடம் எடுத்த தமிழ் வகுப்பை மூடிவிட்டார்கள். அதிலிருந்து தினமும் இப்படித்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். தூக்கம் இல்லை. கிணற்றடியில் வெறுமனே நின்றவளைப் பக்கத்து வீட்டு ஜெயசீலி இரண்டு தடவை கைபிடித்துக் கூட்டிவந்து விட்டாள்.

சபையில் அவளுக்காக ஜெபித்தார்கள். மதராஸில் இதற்கென்றே ஆஸ்பத்திரி இருப்பது அவள் கணவன் நேசகுமாருக்குத் தெரியும். சித்தூர் டாக்டர் கடிதம் கொடுத்தால்தான் அங்கே சேர்ப்பார்கள். அவன் அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். மேஸ்திரி வேதாச்சலத்திடம் லீவு கேட்டான்.

"போன மாசமும் பொண்டாட்டி, இந்த மாசமும் பொண்டாட்டியா? பி.ஏ. படிச்சவன், பேயோட்டவா போற?"

"டாக்டராண்ட போறேங்க."

"இதான் கடைசி. நெல்லு வண்டி வந்துகினே கீது. இன்னொரு நாளு நின்னா, அப்பிடியே நின்னுக்கோ."

சித்தூரில் மதியம் வரை பெஞ்சில் காத்திருந்தார்கள். டாக்டர் வயதானவர், பொறுமையானவர். நேசகுமார் பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அவளைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்.

"எலா உன்னாவம்மா?"

"பாகுன்னானண்டி." நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி ஞானமணி முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நித்ர படுதுந்தா?"

"படுதுந்தண்டி." தூக்கம் வருகிறதாம்.

"இல்லீங்க, டாக்டர்காரு..." என்றான் நேசகுமார்.

"நுவ்வு உண்டவய்யா. அம்மாயி சக்ககா மாட்லாடுதுந்தி." நீ இருப்பா, பெண் நன்றாகத்தானே பேசுகிறாள் என்று சிரித்தார். டானிக் எழுதிக் கொடுத்தார். கடிதம் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் அவன் கேட்டான். "என்னா ஞானம், அப்பிடி சொல்லிட்டியே?"

"பெரியவங்க கேட்டா வேற என்னா சொல்றது?" கொஞ்ச தூரம் போனபின் அவளே சொன்னாள். "கத்திரிக்கா வாங்குற தெலுங்குதாங்க எனக்குத் தெரியும். இதை அதுல எப்பிடி சொல்றது?"

"அடுத்த வாட்டி நான் சொல்றேன்."

"உங்களுக்குத்தான் லீவு இல்லியே" என்று அவள் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறு வாரம் ஒருநாள், நெல் எடை போட்டுக்கொண்டிருந்தபோது ஜெயசீலி மில்லுக்கு ஓடி வந்தாள். அவன் போய்ச் சேர்ந்தபோது கிணற்றடியில் கூட்டம் விலகி வழிவிட்டது.

கான்ஸ்டபிள் தெலுங்கில் எழுதினார். வயிற்றுவலி தாங்க முடியாமல் என்று படித்துக் காட்டினார். கிணற்றில் விழுந்த எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவது. சபைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். வியாதியால் வந்த சாவு என்று இருந்தால்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்க முடியும். நேசகுமார் கையெழுத்துப் போட்டான்.

அடக்கத்தில், அவள் கடைசியாகக் கர்த்தரைத்தான் கூப்பிட்டாள் என்றார் போதகர். அந்தக் கடைசி நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

ஜெயசீலி ஓடி வந்த அன்றைக்குக் காலையில், அவன் மில்லுக்குப் போகச் செருப்பை மாட்டும்போது ஞானமணி அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்:

"இன்னிக்கு ஒரு நாளு போவாம இருங்களேன்."