தலை பிடிக்கிற ஆள்

அதிகாலை நாலரை மணிக்குள் அவனியாபுரம் கொட்டடியில் ஆறு குதிரைகளும் குளித்து முடித்திருக்க வேண்டும். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு இழுக்கிற வெள்ளைக் குதிரைகள். வெள்ளையில் ஒரு பொட்டுக் கறை தெரிந்தாலும் முதலாளி ராம்கி தன் மானமே போய்விட்டதாகக் குதிப்பார். லத்தியில் படுத்து எழுந்த வயிறுகளைத் தேங்காய்நாரால் தேய்த்துத் தேய்த்து எங்கள் விரலிடுக்கெல்லாம் புண். அந்தப் புண் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை.

எங்களில் குதிரை பழக்கத் தெரிந்தவர் பேயாண்டி அண்ணன் ஒருவர்தான். புதுக் குதிரைக்கு முதலில் நெஞ்சுவாரை மட்டும் மாட்டி நடத்துவார். அது உடம்பில் இருப்பதே குதிரைக்கு மறந்த பிறகு, பின்னால் ஒரு லாரி டயரைக் கட்டி வறண்ட கண்மாய்க்குள் இழுக்க விடுவார். பாரமும் சத்தமும் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று அது நம்ப வேண்டும். அப்புறம் மேளம், அப்புறம் வேட்டு. கடைசியில்தான் வண்டி. இரண்டு மாத வேலை அது. விபத்து நடந்த அன்று முதலாளி பூட்டச் சொன்ன குதிரை வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

பழகிய குதிரையானாலும் பூட்டுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் அதை வண்டியின் முன்னால் நீண்டிருக்கும் இரண்டு ஏர்க்கால்களுக்கு நடுவே நிறுத்தி வார்களை மாட்டுவார். இன்னொருவர் முன்னால் நின்று தலையைப் பிடித்துக்கொள்வார். தலை பிடிப்பவர் பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தாடைக்கடியில் கையைக் கொடுத்து, குதிரையோடு ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சை நம்பித்தான் மற்றவர் குனிந்து வேலை பார்ப்பார்.

அதற்கு முந்தின மாதம் முதலாளி கொட்டடியில் கேமரா வைத்தார். வீட்டில் படுத்துக்கொண்டே செல்போனில் எங்களைப் பார்த்தார். மறுநாள் வந்து நின்றார்.

"ஒருத்தன் வேலை பாக்குறான், இன்னொருத்தன் சும்மா நின்னு குதிரையக் கொஞ்சிக்கிட்டு இருக்கான். இனிமே வண்டிக்கு ஒரு ஆளுதான்."

பன்னிரண்டு பேரில் ஆறு பேரை அன்றைக்கே நிறுத்திவிட்டார். மிச்சமிருந்த நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று பேயாண்டி அண்ணன் ஒற்றையாளாகப் பூட்டிக்கொண்டிருந்தார். குதிரையின் காதுகள் பின்னால் மடங்கின.

"கண்ணுச்சாமி, ஒரு நிமிசம் தலையப் பிடிடா."

நான் நாலடி தூரத்தில் இன்னொரு குதிரையோடு நின்றிருந்தேன். திரும்பினேன். திரும்பியவன் ஓடியிருக்க வேண்டும். நான் கேமராவை நிமிர்ந்து பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து விமான நிலையத்திலிருந்து முதல் விமானம் எங்கள் தகரக் கூரையை அதிர வைத்துக்கொண்டு கிளம்பியது.

குதிரை பக்கவாட்டில் திமிறியது. ஏர்க்கால் அண்ணனின் தொடையைச் சுவரோடு வைத்து நசுக்கியது. விறகு முறிகிற சத்தம் கேட்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. நான் பாய்ந்து தலையைப் பிடித்தேன். அப்போது பிடித்து என்ன?

செல்போனில் பார்த்துவிட்டு முதலாளி காரில் வந்து இறங்கினார். முதலில் ஏர்க்காலைத் தடவிப் பார்த்தார். அது முறியவில்லை என்று தெரிந்த பிறகுதான் கீழே பார்த்தார். அண்ணனின் மனைவி இருளாயி மதினி, கொட்டடி கூட்டுகிறவள், தன் சேலையைக் கிழித்துப் புருசன் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"லோடு ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. பைக்குல இருந்து விழுந்துட்டார்னு சொல்லணும். இருளாயி, கேக்குதா?"

"கேக்குது மொதலாளி. எந்த பைக்குல இருந்து விழுந்தாருன்னு ஒங்க செல்லுலயே பாத்துச் சொல்லுங்க, அப்படியே சொல்லிப்புடுறேன்."

மதினியும் துணைக்கு எங்களில் ஒருவனும் ஆட்டோவில் போனார்கள். புழுதி அடங்குவதற்குள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏழரைக்கு மாப்பிள்ளை ஊர்வலம். முள்ளுக் கடிவாளத்தப் போட்டு இதையே பூட்டு. வாய் கிழிஞ்சா அடங்கிரும்."

"தலையப் பிடிக்க ஆளு வேணும் மொதலாளி."

"சும்மா நிக்கிறதுக்கு ஒரு ஆளா?"

வேலை போனால் கொட்டடிக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் தகர வீடுகளும் போய்விடும். அப்போது எங்களோடு வேலை பார்த்த மருது தன் கையிலிருந்த வாரைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"நாலு பேரு இருக்கோம் மொதலாளி. பழகுன குதிரையா ரெண்டைப் பூட்டுறோம், ரெண்டு வண்டி போகும். நிறுத்துன ஆறு பேரையும் கூப்பிடுங்க, மிச்சத்தையும் பூட்டுவோம். அண்ணன் கால் ஒடிஞ்சது இங்கதான்னு நீங்களே ஆஸ்பத்திரியில வந்து சொல்லணும்."

"எனக்கே சட்டம் பேசுறியா? தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்கடா எல்லாரும்!"

மற்ற இருவரும் குதிரைகளை விட்டு வந்தார்கள். நாங்கள் கிளம்பவில்லை. கொட்டடி வாசலை மறித்து உட்கார்ந்தோம். போலீசுக்குச் சொல்வேன் என்றார். சொல்லுங்கள் என்றோம். அப்புறம் வேறு ஆள் கேட்டுத் திருவாதவூருக்குப் போன் போட்டார்.

ஒரு மணி நேரத்தில் பாண்டிராஜ் என்பவன் பைக்கில் வந்து சேர்ந்தான். எங்கள் வேலைக்கு வந்தவன் என்று அவன்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் நேராகக் குதிரையிடம் போனான். கழுத்தில் கை வைத்து, அதன் காதுகளைப் பார்த்தான். சுவரில் காய்ந்திருந்த ரத்தத்தையும் பார்த்தான்.

"தலையப் பிடிக்கிறது யாருங்க?"

"ஒத்தையாப் பூட்டு. பெரிய வேலைக்காரன்னு சொன்னாங்க?"

"வேலைக்காரன்தான். அதான் கேக்குறேன்."

பாண்டிராஜ் குதிரையின் நெஞ்சுவாரைத் தளர்த்திவிட்டான். பிறகு எங்களிடம் வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே" என்றான். தள்ளி இடம் விட்டேன்.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து மதினி போனில் வந்தாள்.

"காலை எடுக்கணும்கிறாகடா, கண்ணுச்சாமி." பிறகு சொன்னாள்: "எப்படி ஆச்சுன்னு டாக்டர் கேட்டாக. உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாக. அங்க எம்புட்டுப் பேரு இருக்கீக?"

"அஞ்சு பேரு, மதினி."

"நாலு பேருதான இருந்தீக?"

"இப்ப அஞ்சு."