பூஜையில் வைத்த மருந்து

அடையாறில் இருந்த அந்தக் கல்லூரியில் செவ்வாய், வியாழன் தவிர வேறு கிழமைகளில் எந்த மாணவரும் நோய்வாய்ப்பட்டதே கிடையாது. பதிவேடு அப்படித்தான் சொல்லும். டாக்டர் வருவது அந்த இரண்டு நாள்தான், அதுவும் இரண்டிலிருந்து நான்கு மணி வரை. மற்ற நாட்களில் காய்ச்சலோடு வருகிறவர்களைக் கம்பவுண்டர் துரைராஜ் பெஞ்சில் படுக்கவைத்து, மாத்திரை கொடுத்து, பதிவேட்டில் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு எழுதிக்கொள்வார். இருபத்திரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. மருத்துவ அறையின் ஃபிரிட்ஜில் பிரின்சிபாலின் மோர்ப் பாத்திரம் மட்டும் இருக்கும். ஒரு முறை டெல்லியிலிருந்து ஆய்வுக்கு வந்த குழு அதைத் தடுப்பு மருந்து என்று குறித்துக்கொண்டு போய், கல்லூரிக்கு அதற்காக ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டது.

தொண்ணூற்று மூன்று ஜூனில் மதுவந்தி தாவரவியலில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே அவள் அம்மா விசாலாக்ஷி, மயிலாப்பூரில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர், பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு கடிதத்தோடு மருத்துவ அறைக்கு வந்தார். கடிதம் கோபாலபுரத்து டாக்டர் ஒருவருடையது. பெண்ணுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரே ஒரு பருப்பு போதும். முகம் வீங்கும், தொண்டை அடைக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், ஆள் போய்விடலாம். அப்படி ஆனால் உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும். உடனே என்பதற்குக் கீழே டாக்டர் இரண்டு கோடு போட்டிருந்தார்.

துரைராஜ் முதலில் நம்பவில்லை. அவர் பிறந்து வளர்ந்த ஆற்றோரக் குப்பத்தில் பல நாள் ராச்சாப்பாடே அவித்த வேர்க்கடலைதான். அதைத் தின்று மூச்சு நிற்குமென்றால் அந்தக் குப்பத்தில் ஒரு ஜீவன் மிஞ்சியிருக்காது என்று அவர் நினைத்தார். விசாலாக்ஷி அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. பெண்ணுக்கு ஏழு வயதில் நடந்ததை, ராகத்தின் ஸ்வரங்களைச் சொல்வது போல ஒன்றன்பின் ஒன்றாக, குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னார். துரைராஜ் கடிதத்தை வாங்கி மறுபடியும் ஒரு தரம் படித்தார். அன்றைக்கே பிரின்சிபால் அறைக்குப் போனார்.

பிரின்சிபால் பத்ரிநாராயணன் கணக்கு வாத்தியார். எதற்கும் விதி வேண்டும் என்பார். ஒரு கமிட்டி போட்டார். அந்தக் கமிட்டி பதினோரு மாதம் கூடியது. கடைசிக் கூட்டத்துக்குள் கேன்டீன்காரர் கமிட்டியின் போண்டாவுக்கென்றே தனியாக ஓர் அடுப்பு வாங்கிவிட்டார். டாக்டர் கையெழுத்தில்லாமல் ஊசி போடலாகாது என்பது முதல் விதி. டாக்டர் இல்லாவிட்டால் பிரின்சிபாலின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது இரண்டாவது. மருந்து இரட்டைப் பூட்டில் இருக்கும், ஒரு சாவி சூப்பரின்டென்டென்ட் ஸ்ரீவத்சனிடம் என்பது மூன்றாவது. இப்படியே போனது.

துரைராஜ் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வெளியே நின்றார். ஒருநாள் கதவைத் தட்டாமல் உள்ளே போய்விட்டார்.

"சார், கையெழுத்து வர்துக்குள்ள பொண்ணு பூடும் சார்."

"நீ போட்டு ஏதாவது ஆயிடுத்துன்னா யாருய்யா ஜவாப்?" என்றார் பிரின்சிபால்.

"போடாம ஆச்சுன்னா யாரு சார்?"

போண்டா ஆறியது. அப்படிப் பிறந்ததுதான் ஆறாவது விதி: உயிருக்கு ஆபத்து என்று கம்பவுண்டருக்குத் தோன்றினால் யாரையும் கேட்காமல் அவரே ஊசி போடலாம், மருந்து பூட்டில்லாத தகரப் பெட்டியில் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சென்னையில் வேறெந்தக் கல்லூரியிலும் இப்படியொரு விதி கிடையாது என்று ஸ்ரீவத்சன் சொன்னார். உண்மையா என்று தெரியாது, துரைராஜ் நம்பினார். ஒரு சாண் நீளத் தகரப் பெட்டி வாங்கி, மருந்தடைத்த மூன்று கண்ணாடி ஆம்பூல்கள், கொதிக்கவைத்த சிரிஞ்ச், பஞ்சு எல்லாம் அடுக்கி மேசை மேல் வைத்தார். தினமும் காலையில் திறந்து பார்ப்பார். திங்கட்கிழமைகளில் மதுவந்தி வகுப்புக்குப் போகிற வழியில் வாசலில் தலையை நீட்டி, மருந்து இருக்கா மாமா என்பாள். அதெல்லாம் கீது, நீ போம்மா என்பார். பிள்ளையில்லாத மனிதர். வாரம் ஒரு தடவை அந்தக் கேள்வி அவருக்கு வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது. மறுநாளிலிருந்து விடுமுறை என்பதால் கல்லூரியில் முந்தின நாளே, டாக்டர் வராத புதன்கிழமையே, பூஜை. அலுவலக ஹாலில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் டைப்ரைட்டர், மைக்ராஸ்கோப், வருகைப் பதிவேடுகள், வாட்ச்மேன் பிரபுவின் விசில், பித்தளை மணி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு அணிவகுத்தன. பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில் மறுபூஜை ஆகும்வரை எடுக்கக் கூடாது. எடுத்தால் ஆகாது. தாவரவியல் பேராசிரியர் ஒருவர் போன வருஷம் மூக்குக் கண்ணாடியை வைத்துவிட்டு மூன்று நாள் சுவரைத் தடவித் தடவியே நடந்தார். எடுக்கவில்லை.

துரைராஜ் தன் ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டுவந்தார். பிறகு திரும்பிப் போய்த் தகரப் பெட்டியையும் கொண்டுவந்தார்.

ஸ்ரீவத்சன் ஒரு வார்த்தை கேட்டார்: "மருந்துப் பெட்டி எதுக்கு? அது அங்கயே இருக்கட்டுமே."

"நம்ம ஆயுதம் இதான சார். நாளைலேர்ந்து காலேஜே இல்ல. யாருக்கு வேணும்?"

பெட்டிக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், ஒரு முழம் சாமந்தி சுற்றினார். இந்த மருந்துக்கு என்றைக்கும் வேலை வரக் கூடாது தாயே என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு உருகி எதையும் கேட்டதில்லை.

பூஜை முடிந்து எல்லோருக்கும் பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். பொரி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, ஓர் அச்சு வெல்லம். ஸ்ரீவத்சன் ஹாலைப் பூட்டிச் சாவிக்கொத்தோடு நங்கநல்லூருக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார். சாவிக்கொத்துதான் அவர் ஆயுதம். அதை வீட்டுப் பூஜையில் வைப்பது அவர் வழக்கம். பிரின்சிபால் அதற்கு முன்பே போய்விட்டார். டெலிபோன் பூட்டிய ஹாலுக்குள் இருந்தது.

மதுவந்தி கெட்டிக்காரப் பெண். பொட்டலத்தைத் தோழி ஸஹானாவிடம் கொடுத்துவிட்டாள். வெல்லத்தை மட்டும் எடுத்து, துப்பட்டாவில் துடைத்து, வாயில் போட்டுக்கொண்டாள். வெல்லத்தில் என்ன இருக்கப் போகிறது? அது கடலைத் தூசியில் ஒரு பகல் முழுவதும் புரண்டுகிடந்த வெல்லம்.

ஸஹானா ஓடிவந்தபோது துரைராஜ் மருத்துவ அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். கேட்டருகே வேப்ப மரத்தடியில் மதுவந்தி உட்கார்ந்திருந்தாள். உதடு தடித்து, கண் இரண்டும் வீக்கத்தில் கோடாகி, கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து, மூச்சு இழுக்கும்போது சீழ்க்கை போல ஒரு சத்தம். துரைராஜைப் பார்த்ததும் அவள் முகத்தில் பயம் குறைந்தது. மாமா வந்துவிட்டார், மருந்து வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

துரைராஜ் அலுவலக ஹாலுக்கு ஓடினார். பூட்டு தொங்கியது. பக்கத்து ஜன்னலுக்குக் கம்பி கிடையாது, வெறும் கண்ணாடிதான். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பெட்டி தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்திரண்டு.

கீழே கிடந்த அரைச் செங்கல்லைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நின்றார்.

இந்த மருந்துக்கு வேலை வரக் கூடாது என்று சரஸ்வதி முன்னால்தான் வேண்டிக்கொண்டார். இப்போது அவள் மடியிலிருந்தே பறித்தால் அந்த வேண்டுதல் என்னாகும்? பூஜை கலைந்தால் யாருக்கு ஆகாது? கலைத்தவனுக்கா, அல்லது யாருக்காக வேண்டி வைத்தானோ அந்தப் பெண்ணுக்கா? மருந்தை எடுத்து, அதனாலேயே அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பதினோரு மாதம் விதியோடு சண்டை போட்ட மனிதர், எழுதாத ஒரு விதிக்கு முன்னால் செங்கல்லோடு நின்றார்.

பின்னால் வந்த பிரபுவை ஆட்டோ பிடித்து வரச் சொன்னார். ஆஸ்பத்திரி இரண்டு மைல்தான். ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்விட்டால் பூஜையைத் தொடவே வேண்டாம். அந்த யோசனை வந்ததும் அவருக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு வெகுநாள் அவர் மறக்காதது அந்த ஆறுதலைத்தான்.

ஆட்டோ ஸ்டாண்டில் பதினான்கு வண்டி நின்றது. ஒன்றுகூட ஓடுகிற நிலையில் இல்லை. மறுநாள் பூஜைக்காக எல்லாவற்றையும் கழுவிக்கொண்டிருந்தார்கள். சீட்டெல்லாம் நடைபாதையில் காய்ந்தது, இன்ஜின்களைப் பிரித்துப் போட்டிருந்தார்கள், தெரு முழுக்கச் சோப்பு நுரை. ஸ்டாண்டின் பூஜைக் கமிட்டித் தலைவர் அன்வர் பாஷா, பதினாறு வருஷமாக அவர்தான் தலைவர், விஷயம் கேட்டதும் தன் வண்டியின் கார்பரேட்டரை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். பிரபு திரும்ப ஓடிவந்தான்.

"ஆட்டோல்லாம் பிரிச்சிப் போட்டுக்கீறாங்க நைனா. பாஷா பாய் மாட்டிக்கினு கீறாரு. பொண்ணு மூஞ்சி நீலமாவுது. நீ இன்னா கல்ல வச்சிக்கினு நின்னுக்கினு கீற?"

துரைராஜ் கண்ணாடியை உடைத்தார். கடிகாரத்தில் நான்கு இரண்டு.

பத்து நிமிஷம்.

ஜன்னல் வழியே இறங்கி, மாலையைப் பிய்த்து, பெட்டியை எடுத்தார். குங்குமம் விரலெல்லாம் ஒட்டியது. மரத்தடியில் ஆம்பூலின் கழுத்தை உடைத்து, டாக்டர் எழுதிய அளவு ஏற்றி, அவள் புஜத்தில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவள் நெஞ்சு ஒரு தரம் பெரிதாக ஏறி இறங்கியது. ஸஹானா அழுகையை நிறுத்தினாள். அன்வர் பாஷாவின் ஆட்டோ பின் சீட்டில்லாமல் வந்தது. ஈரத் தரையில் துரைராஜ் சம்மணமிட்டு உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டார். இரண்டாவது ஆம்பூலைப் போகும் வழியில் போட்டார். அவள் கை அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தது. ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே பிடி விட்டுப்போயிற்று.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் வெளியே வந்து, சரியான மருந்துதான் போட்டிருக்கீங்க, ஆனா ஒரு பத்து நிமிஷம் முன்னாடி போட்டிருந்தா என்று சொல்லி, முடிக்காமல் உள்ளே போனார்.

விடுமுறை முடிந்து, மதுவந்தியின் காரியமும் ஆனபிறகு கமிட்டி கூடியது. இந்த முறை போண்டா கிடையாது. கண்ணாடியை உடைத்ததற்கு விளக்கம் கேட்பார்கள் என்று துரைராஜ் எதிர்பார்த்தார். கேட்கவில்லை. பூஜையையும் பொருட்படுத்தாமல், ஒரு கணமும் தயங்காமல் செயல்பட்ட கம்பவுண்டரைக் கல்லூரி பாராட்டுகிறது என்று தீர்மானம் போட்டார்கள். மருந்துப் பெட்டியை எந்தப் பூஜையிலும் வைக்கலாகாது என்று ஏழாவது விதியும் எழுதினார்கள். ஒரு சால்வைக்கும் ஏற்பாடாயிற்று.

துரைராஜ் ஸ்ரீவத்சனிடம் போய், கணம் இல்லை சார், பத்து நிமிஷம், நான் நின்னேன் என்றார். ஸ்ரீவத்சன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அதை யாரும் உன்னைக் கேக்கலியே துரைராஜ். நீயா ஏன் சொல்லணும்? நான் மட்டும் என்ன, சாவியைச் சாமிகிட்ட வெச்சுட்டு மோர்க்குழம்பு சாப்பிட்டிண்டிருந்தேன். போ, போய் வேலையைப் பாரு."

சால்வை நாளன்று துரைராஜ் கல்லூரிக்குப் போகவில்லை. மயிலாப்பூருக்கு பஸ் ஏறினார். தெப்பக்குளத்துக்குப் பின்னால், மாடிப் போர்ஷனில், விசாலாக்ஷி அம்மாள் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். தம்புரா உறையோடு மூலையில் சாய்ந்திருந்தது. வாங்கோ என்றார். தீர்மானத்தின் நகல் அவருக்கும் வந்திருந்தது; மரியாதையாக ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். துரைராஜ் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். பெட்டியைத் தானாகத்தான் கொண்டுபோய் வைத்ததை, வேண்டிக்கொண்டதை, செங்கல்லை, மூன்று ஐம்பத்திரண்டை, நான்கு இரண்டை. பத்து நிமிஷம் முன்னாடி என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

அம்மாள் தம்புராவைக் காட்டினார்.

"நானும் அன்னிக்கே இதைப் பூஜையில வெச்சிருந்தேன்" என்றார். "அன்னிக்குச் சாயந்தரம் சேதி வந்தப்போ அதைத் தாண்டித்தான் வாசலுக்கு ஓடணும். ஓடினேன். அப்பவும் கால் படாம சுத்திண்டுதான் ஓடினேன். அப்படி வளர்ந்தாச்சு. உங்க மேல எனக்குக் கோபமில்லை."

துரைராஜ் கைகூப்பினார்.

"ஆனா நீங்க இனிமே இங்க வராதேங்கோ. உங்களைப் பார்த்தா, எனக்குக் கடிகாரம்தான் தெரியும்."

அவர் படி இறங்கினார். பாதிப் படியில் மேலே நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. இடது கால் செருப்பை வலது காலில் போட்டு, கழற்றி, மறுபடியும் போட்டார். அடையாறு போகிற பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு, அவரை விட்டுவிட்டுப் போயிற்று.