தாலி ஏறாத பக்கம்

ஜெகதீஸ்வரிக்குக் கலியாண எழுத்து முடிந்துவிட்டது. பதிவாளர் வெள்ளவத்தையில் இருந்த சின்னம்மாவின் வீட்டுக்கே வந்து, ஃபேன் காற்றில் கடதாசி பறக்காமல் உள்ளங்கையால் அமத்திக்கொண்டு, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிப் போனார். விசா அலுவல் தொடங்க அது போதும். தாலி கட்டு வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை ஸ்ரீஸ்கந்தராசா கனடாவிலிருந்து வந்து இறங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை. அவரோடு அவள் இன்னும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவர் என்ன கேட்டாலும் சின்னம்மா நேசமலர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள்.

ஆள் தங்கமானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். வெல்லுகிற நேரத்தில் எல்லா ஆம்பிளைகளும் தங்கம்தான் என்பது ஜெகதீஸ்வரிக்குத் தெரியும். அவளுடைய ஐயா சீட்டாட்டத்தில் வென்ற நாளில் அவரைப்போல் ஒரு மனிசன் ஊரில் இருக்கமாட்டார். தோற்றுவிட்டு வந்தால் சோற்றுக் கோப்பை முற்றத்துக்குப் பறக்கும். ஆகையால் அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. இந்த மனிதர் தோற்றால் எப்படி இருப்பார்? எழுத்தை எப்படியாவது முறித்துக்கொள்ளலாம். கழுத்தில் ஏறியதைக் கழற்றிய வழக்கம் அவள் குடும்பத்தில் இல்லை. வெள்ளிக்கு முன்னம் தெரிந்தாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்வீட்டுச் செலீன் வந்தாள். அவளுடைய பிறந்த வீடு கொட்டாஞ்சேனை. அங்கே மாதா கோயில் திருநாள் முடிந்து வருகிற ஞாயிறு, கோயில் சனம் எல்லே விளையாடுவது வழக்கம்; பொல்லால் பந்தை அடித்துவிட்டுக் கம்பங்களைச் சுற்றி ஓடுகிற ஆட்டம். கலியாணம் முடித்தவர்கள் ஒரு பக்கம், முடிக்காதவர்கள் மறுபக்கம். ஆணும் பெண்ணும் கலந்து. மாப்பிள்ளைக்கும் பொழுது போகும், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். வழியில் ஆமிக்காரர் இரண்டு இடத்தில் வான் வண்டியை மறித்து இறக்கினார்கள். ஸ்ரீஸ்கந்தராசாவின் பாஸ்போட்டை அவர்கள் புரட்டிப் புரட்டிப் பார்த்து முடிக்க நேரம் போய்விட்டது.

மைதானத்தில் மூங்கில் பொல்லையும் ரெனிஸ் பந்தையும் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. இது எங்கட பேஸ்போல் அல்லவா என்று சொல்லி, கூரை திறந்து மூடும் மைதானத்தில் தான் பார்த்த ஆட்டங்களைச் சின்னம்மாவுக்கு விளக்கத் தொடங்கினார். அவள் தேவாரம் கேட்பதுபோல் தலையாட்டினாள். செலீனின் தமையன் றொபேட் வந்து அவரை விளையாடக் கூப்பிட்டான். எந்தப் பக்கம் என்று கேட்டபோதுதான் வழக்கு வந்தது.

கையெழுத்து வைத்தாயிற்று, நான் கலியாணமானவன் என்றார் மாப்பிள்ளை. சின்னம்மாவுக்குச் சுருக்கென்றது.

"தாலி ஏறாமல் என்ன கலியாணம்? எங்கட பிள்ளை இன்னும் குமர்தான்."

றொபேட் தலையைச் சொறிந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான். "ரெண்டு பேர் சொல்லுறதும் சரி. மாப்பிள்ளை எங்கட பக்கம். பிள்ளை அந்தப் பக்கம்."

சின்னம்மா வாய் திறப்பதற்குள் ஜெகதீஸ்வரி செருப்பைக் கழற்றியிருந்தாள். ஊரில் பள்ளிக்கூட எல்லே அணியில் ஓடியவள் அவள். இடம்பெயர்ந்த நாளோடு பள்ளிக்கூடமும் நின்றது, எல்லேயும் நின்றது.

முதலில் முடித்தவர்கள் அடித்து முடித்தார்கள். பிறகு முடிக்காதவர்கள் அடிக்க, முடித்தவர்கள் பந்து பொறுக்கினார்கள். ஸ்ரீஸ்கந்தராசா நன்றாகத்தான் ஓடினார். ஒரு தரம் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கம்பத்தில் கால் வைத்து நின்று, ஓடி வந்த பொடியனைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பேஸ்போலில் அது போதுமாம். எல்லேயில் பந்தால் ஆளுக்கு எறிய வேண்டும். பொடியன் அவரைச் சுற்றிக்கொண்டு ஆறுதலாக ஓடி வட்டத்தை முடித்தான்.

"கனடாத் தம்பி, பந்தை அடைகாக்கிறீரோ? ஆளுக்கு எறியும்," என்றான் றொபேட். மைதானமே சிரித்தது. மாப்பிள்ளையின் காது சிவந்தது. ஜெகதீஸ்வரி உற்றுப் பார்த்தாள். இது வெட்கம். தோல்வி இனித்தான் வர வேண்டும்.

அது அவள் கைக்கே வந்தது. இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. அடிக்க மிச்சம் அவள் ஒருத்தி. எல்லேயில் பந்து போடுவதும் சொந்தப் பக்கத்து ஆள்தான்; வின்சன்ற் பந்தைத் தூக்கிப் போட்டான். முதல் வீச்சு காற்றில் போனது. சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த வீச்சில் பொல்லு 'டங்' என்றது. பந்து எல்லோருடைய தலைக்கும் மேலால் மதிலடிக்குப் போனது.

ஓடினாள். சுரிதார்ச் சால்வை எங்கோ விழுந்தது. இடையில் உள்ள கம்பங்களில் நிற்கலாம். ஆனால் அவளுக்குப் பிறகு அடிக்க ஆளில்லை, நின்றால் ஆட்டம் முடிந்தது. கடைசிக் கம்பத்தையும் கடந்தபோது பந்து ஸ்ரீஸ்கந்தராசாவின் கையில் இருந்தது. மெல்லப் போட்டு விட்டுக்கொடுத்து விடுவாரோ என்று அந்த ஓட்டத்திலும் அவளுக்குப் பயம் வந்தது. விட்டுக்கொடுத்தவனின் முகத்தில் எதைப் பார்க்க முடியும்?

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முழுப் பலத்தோடு எறிந்தார். அவள் சடாரென்று குனிந்தாள். பந்து பின்னலை உரசாத குறையாகப் போய் மைதான ஓரத்துச் சர்பத் வாளிக்குள் விழுந்தது. ஜெகதீஸ்வரி வட்டத்தை முடித்தாள். குமர்ப்பிள்ளைகள் அவளைத் தூக்கிச் சுற்றினார்கள்.

தோற்ற பக்கத்தில் றொபேட் நேராக மாப்பிள்ளையிடம் போனான். "உம்மாலதான் தோத்தம், தெரியுமோ?"

"ஓம், என்னாலைதான். ரெண்டு தரமும்," என்று சொல்லிவிட்டு ஸ்ரீஸ்கந்தராசா புழுதியில் குந்தினார். குந்தியவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே எழும்பி, சனத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"நல்லாக் குனிஞ்சீர்."

பதில் சொல்லச் சின்னம்மா வாயெடுத்தாள். ஜெகதீஸ்வரி முந்திவிட்டாள்.

"நீங்கள் மெல்ல எறிஞ்சிருந்தால் வெள்ளிக்கிழமை நான் வந்திருக்க மாட்டன்."

சின்னம்மா நெஞ்சில் கை வைத்தாள். அவர் நெற்றிப் புழுதியைத் துடைத்தார். பிறகு, இப்போது வருவீரோ என்று மெல்லக் கேட்டார்.

"ஓம்," என்றாள். பத்துப் பேருக்குக் கேட்கக்கூடியதாகவே சொன்னாள். பிறகு பொல்லை அவர் கையில் திணித்துவிட்டு, சர்பத் வாளிக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்தாள்.

"இன்னொரு ஆட்டம் போடுவம். இந்தமுறை நீங்கள் ஓடுங்கோ, நான் எறியிறன்."