முள் நடுக்கோட்டைத் தாண்டும்வரை

...இல்லை, தொடக் கூடாது, தொட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், தொடுவதற்கும் அங்கே ஒன்றுமில்லைதான், டேஷ்போர்டில் விசிறி ஸ்விட்ச் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை, ஓட்டையின் மேல் கறுப்பு டேப், அதைக்கூட எவ்வளவு நறுவிசாக ஒட்டியிருக்கிறாள் பார், ஓரம் மடங்கவில்லை, ஒரு குமிழ் இல்லை, ஆனாலும் விரல் அங்கேதான் போய் நிற்கிறது, பழக்கதோஷம். வாசலில் நின்றபடியே கார் உறுமிக்கொண்டிருக்கிறது, பானெட் திறந்திருக்கிறது, பக்கத்து சீட்டில் மனைவி பழந்துணியில் கை துடைத்துக்கொண்டிருக்கிறாள், அவன் கண் மட்டும் சூடு காட்டும் முள்ளின் மேல். நடுக்கோட்டுக்கு இன்னும் ஒரு நகக்கண் அளவுதான். கோட்டைத் தாண்டியதும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்ற வேண்டும், தானாக, அவன் கை படாமல். சுற்றாவிட்டால்? போன தடவை கொதித்தபோதே மச்சான், அவள் அண்ணன், சொல்லிவிட்டான், இன்னொரு தடவை கொதிச்சா என்ஜின் தேறாது மாப்ள, காயலான் கடைதான். மச்சான் மெக்கானிக், வண்டி விஷயத்தில் அவன் வாய் தப்பாது. ஆனால் தன் தங்கை வயரைக் கையில் எடுத்ததும் இன்னொன்றும் சொன்னானே, என்ஜின் கம்ப்யூட்டர்ல கைய வெச்சா வண்டிக்குச் சங்குதான்னு... அது பலிக்கக் கூடாது, வண்டிக்காக மட்டுமில்லை, அவள் முகத்துக்காகவும்.

என்ன கை அவளுக்கு! லிஃப்ட் கம்பெனியில் பேனல் வயரிங் செய்கிறவள், நூறு வயரை வகிடெடுத்து வாரிய மாதிரி கொண்டுபோகிறவள் என்று கேள்விப்பட்டதுதான், கண்ணால் பார்த்தது இன்றைக்குத்தான், கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, வெட்கக்கேடு. வண்டி வாங்கும்போதே விசிறியைப் போட்டு அணைக்கிற ரிலே செத்திருந்தது, முன்பு வைத்திருந்த புண்ணியவான் அதைக் கடாசிவிட்டு டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் பொருத்தியிருந்தார், வீட்டில் லைட் போடுகிற அதே ஸ்விட்ச், ஏறுகிற சவாரியெல்லாம் சிரிக்கும், டிரைவர், இதைத் தட்டினா பல்பு எரியுமா? முள் ஏறினால் அவன் போட வேண்டும், இறங்கினால் அவனே அணைக்க வேண்டும், ஒருநாள் நெரிசலில் மறந்தான், குபுகுபுவென்று ஆவி, என்ஜினைப் பிரித்துப் போட்டார்கள், அன்றிலிருந்து ஒரு கண் ரோட்டில், ஒரு கண் முள்ளில். காலையில் அவள் கேட்டாள், கம்ப்யூட்டர்தான் உள்ளயே இருக்கே, அதுகிட்ட ஏன் யாரும் வேலை வாங்கல? நேராக விசிறி வயரை அதில் கொண்டுபோய்ச் சொருகப் போகிறாள் என்று அவன் பதறினான், அவள் சிரித்தாள். "ஏங்க, விசிறியச் சுத்தற பலமெல்லாம் அதுக்குக் கிடையாது, நேரா குடுத்தா செத்துடும். அது ஒரு ம் சொன்னா போதும், பாரம் தூக்கறத ரிலே பாத்துக்கும்." பிறகு உடனே ரிலேயைக்கூட மாட்டவில்லையே, ஒரு குட்டி பல்பை எடுத்து ஒரு முனையை பேட்டரியிலும் மறுமுனையைக் கம்ப்யூட்டரிலிருந்து வரும் வயரிலும் வைத்துக்கொண்டு, சூடு பார்க்கிற சென்சாரின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னாள், பிடுங்கினான், பல்பு மினுக்கென்று எரிந்தது. பாத்தீங்களா, சூடு எவ்வளவுனு தெரியாததும் பயந்து விசிறியக் கேக்குது, நல்ல புள்ள. பிள்ளையாம்! அப்புறம்தான் புது ரிலேயை மாட்டினாள், ஒவ்வொரு வயர் முனையையும் நசுக்கிப் பிடித்து, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்து... அந்தப் பழைய ஸ்விட்சாவது இருக்கட்டுமே என்று கெஞ்சிப் பார்த்தான், நீங்க போட்டுட்டா அது தானா போடுதான்னு எப்படித் தெரியும் என்றாள், கழற்றிவிட்டாள்.

முள் கோட்டைத் தொட்டுவிட்டது. தொட்டுவிட்டது, தாண்டவில்லை. அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஆஃபீஸ்ல கூப்பிட்டுப் பேசினாங்க, புது சைட்டாம்... முள் நடுங்குகிறதா, இல்லை என்ஜின் அதிர்வா? ம், என்றான். ...பெரிய கட்டடம், முப்பது லிஃப்ட், மொத்த வயரிங்கும் என் பொறுப்புல... மயிரிழை தாண்டியிருக்கிறது, இந்நேரம் ஸ்விட்சைப் போட்டிருப்பான், அது இருந்திருந்தால் போட்டிருப்பான், ம். ...ஒரு வருஷம் அங்கயே தங்கணுமாம், லீவுக்குத்தான் வர முடியும், நான் இன்னும் பதில் சொல்லல... சாவியைத் திருகி அணைத்துவிடலாமா, அணைத்தால் அவளை நம்பவில்லை என்று ஆகும், இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு மூச்சு, சுத்துடா சாமி, என் பொண்டாட்டி கையைப் பொய்யாக்கிடாத... போகட்டுமாங்க? நீங்க என்ன சொல்றீங்க?

ம்.

டிக். எங்கிருந்தோ ஒரு சின்ன டிக், உடனே ஹோ என்று ஓர் இரைச்சல், விசிறி! பானெட்டின் இடுக்கில் வெப்பக்காற்று அடிக்கிறது, அவன் ஸ்டீயரிங்கைக் குத்தினான், சுத்துது, தானா சுத்துது, உங்கண்ணனக் கூப்பிடு, இப்பவே வரச் சொல்லு, வந்து பார்க்கட்டும்! இப்படியொருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் மெக்கானிக் தேடினேனே என்று சத்தமாகவே சொன்னான். முள் தயங்கி, நின்று, கீழே இறங்க ஆரம்பித்தது. அவள் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள், பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். "அப்ப நாளைக்கே அவங்ககிட்ட சரின்னு சொல்லிடறேன்." யாரிடம்? எதற்குச் சரி? ஆஃபீஸ் என்றாள், லிஃப்ட் என்றாள், நடுவில் இன்னும் ஏதோ, கடைசியில் ஒரு கேள்வி... என்ன கேள்வி? பானெட்டை அவள் இறக்கினாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது, கோபமில்லை, சிரிப்புமில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவள் எத்தனை பேசியிருப்பாள், இந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே அவன் எத்தனை ம் சொல்லியிருப்பான்... விசிறி தானாக நின்றது. இனி முள்ளைப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. கம்ப்யூட்டர்கூட சூட்டைப் பார்த்துவிட்டுத்தானே ம் சொன்னது? பக்கத்து சீட்டில் அவள் கை துடைத்த துணி கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு, அவள் சொன்னதை முதலிலிருந்து நினைவுக்குக் கொண்டுவர முயன்றான்.