நாற்பத்தொன்பது டிகிரிக் கட்டில்

ஹபீபுல்லாவின் வீட்டு வடக்கு அறையில், ஒரு கட்டிலின் நீள அகலத்துக்கு மட்டும், அந்த மே மாதம் நாற்பத்தொன்பது டிகிரி வெப்பம் இருந்தது. கட்டிலிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றால் முப்பத்தைந்து. அறைக்கு மேலே இன்னொரு மாடி உண்டு, வெயில் உள்ளே நுழைய வழியே கிடையாது. இருந்தும் தலையணையைத் தொட்டால் கை சுட்டது. பாலக்கரைச் சந்தில் பாதிப் பேர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் ஓதி ஊதினார்கள். மொட்டை மாடி ஏற முழங்கால் இடம் கொடுக்காத, ஹபீபுல்லாவின் மனைவி சாரா பீவிக்கு மட்டும் இதில் எந்தச் சந்தேகமும் எழவில்லை. அவள் கட்டிலில் பழைய சேலையை விரித்து, வருஷத்துக்குத் தேவையான வடகத்தை நாலே நாளில் காய வைத்து டப்பாவில் அடைத்துக்கொண்டாள்.

இது தொடங்கியது பிப்ரவரியில். ஸ்ரீரங்கத்திலிருந்து ஹம்ஸா என்ற பெண் கணக்கெடுக்க வந்தாள். நாட்டு மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வீடுகளைப் பொறுக்கி எடுத்து, வெயில் ஏற ஏற யாருக்கு என்ன நோய் வருகிறது, யார் முதலில் விழுகிறார்கள் என்று பார்க்கும் பெரிய ஆய்வு அது. பெயர், வயது, பிறந்த ஊர் என்று ஒருவர் கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்காத வீடு அந்தச் சந்தில் இல்லை. ஹபீபுல்லாவோ முப்பது வருஷம் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் குடை விற்றவர், மழை வரும் என்று யாராவது சொன்னால்கூட ஆதாரம் கேட்பவர். இந்தத் தாளை யார் படிப்பார்கள், படித்துவிட்டு எங்கே வைப்பார்கள், அந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்க, மருமகள் நசீராதான் பொறுமையிழந்து உள்ளேயிருந்து பதில் சொன்னாள். வீட்டில் ஐந்து பேர். மாமா, மாமி, அவள், அவள் கணவன் மன்சூர், மகள் சம்ரீன்.

மன்சூர் வளைகுடாவுக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆனால் சபர் போய் வெளிநாட்டில் இருப்பவரைக் கழித்து எண்ணிச் சொல்லும் வழக்கம் அந்த வீடுகளில் இல்லை. கழித்துச் சொன்னால் நாமே வாயால் வழியனுப்பி வைத்ததாகிவிடும் என்று ஒரு பயம். ரேஷன் அட்டையிலும் அவன் பெயர் இருந்தது, செருப்பும் வாசலில் இருந்தது. ஆகவே ஹம்ஸா ஐந்து பேர் என்று எழுதிக்கொண்டு, சோப்பு டப்பா அளவில் ஐந்து வெப்பமானிகளை அவரவர் படுக்கும் இடத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். நாலு கருவிகள் திருச்சியின் வெயிலைக் காட்டின. மன்சூரின் கட்டிலுக்கு மேலே இருந்தது மட்டும் ஆரம்பத்திலிருந்தே தன் போக்கில் போய், மே மாதத்தில் நாற்பத்தொன்பதைத் தொட்டது.

கருவிக்குக் காது இருக்கிறது என்று ஹபீபுல்லா முதலில் முடிவு செய்து, அதன்மேல் துண்டைக் கட்டி, வீட்டுப் பேச்சை எல்லாம் சமையலறைக்கு மாற்றினார். பிறகு மருமகள் மேல் சந்தேகம் வந்தது, வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துப்போய்க் கட்டிலில் வைக்கிறாளோ என்று. ஆய்வு அலுவலகமோ குடும்பத்தையே சந்தேகப்பட்டு, மேற்பார்வையாளர் அமிர்தராஜை இன்னொரு வெப்பமானியோடு அனுப்பியது. கட்டிலில் ஆட்கள் உட்காருவதே இல்லை என்று எச்சரித்தும் அவர் உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் சட்டை தொப்பலாக நனைந்து, நாலு சொம்பு தண்ணீர் குடித்தார். கருவியில் பழுது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த வாரம், பகல் மூன்றரை மணிக்கு ஹம்ஸா திரும்பி வந்தாள். அவள் முகத்திலும் சந்தேகம்தான். கைப்பேசியில் ஒரு கோட்டுப்படத்தைக் காட்டினாள். ஊரில் எல்லா வீட்டிலும் வெப்பம் பகல் இரண்டு மணி வாக்கில் உச்சிக்குப் போகிறது, இந்தக் கட்டிலில் மட்டும் நாலரைக்குப் போகிறது. ஆறு நாள் இப்படிக் கொதித்துவிட்டு வெள்ளிக்கிழமையானால் நாள் பூராவும் இருபத்து நாலிலேயே நிற்கிறது. யாரோ வேலை மெனக்கெட்டு விளையாடுகிறார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் நினைக்கிறார்கள் என்றாள்.

நசீரா அந்தக் கோட்டைப் பார்த்தாள். மன்சூர் இருக்கும் ஊருக்கும் திருச்சிக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே நாலரை என்றால் அங்கே இரண்டு மணி. வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை, அறையில் ஏசி போட்டுக்கொண்டு தூங்குவான். மற்ற ஆறு நாளும் செல்போன் கடையில் உட்கார்ந்த வேலை என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான். கடை ஏசியில் உடம்பு நடுங்குகிறது என்று போன வருஷம் ஸ்வெட்டர் கேட்டு, காட்டூரிலிருந்து புறப்பட்ட ஒருவரிடம் அவள் கொடுத்தும் அனுப்பியிருந்தாள். வையம்பட்டிக்காரர் ஒருவர் அங்கே கட்டட வேலையில் சுருண்டு விழுந்து, சவப்பெட்டியில் ஊர் வந்து சேர்ந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

"இந்தக் கட்டில்ல படுக்கறவர் எங்கேங்க?" என்று ஹம்ஸா கேட்டாள்.

"சபர்ல இருக்காங்க. மூணு வருஷமாச்சு."

ஹம்ஸா பேனாவை எடுத்தாள். ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இல்லாதவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. பெயரை அடித்துவிட்டுக் கருவியைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். அதைக் கழற்றிவிட்டால் அவன் எப்படி இருக்கிறான் என்பதற்கு அவன் சொல்வதைத் தவிர வேறு சாட்சி இல்லை என்பது நசீராவுக்கு உறைத்தது. கொஞ்சம் இருங்க என்று ஹம்ஸாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதற்குள் மணி நாலே கால் ஆகியிருந்தது. துண்டை விலக்கிப் பார்த்தால் கருவி ஐம்பத்தொன்று காட்டியது. வேலை நேரத்தில் கூப்பிடாதே என்று மன்சூர் சொல்லி வைத்திருந்ததை மீறி, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் அந்த நேரத்தில் போன் செய்தாள். இரண்டாவது முறை எடுத்தான். மூச்சு வாங்கியது.

"எங்க இருக்கீங்க?"

"கடையிலதான் இருக்கேன். ஏசி ஓடுது. என்ன விஷயம், சம்ரீனுக்கு ஒண்ணுமில்லையே?"

நசீரா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒண்ணுமில்லங்க. காத்து சத்தமா இருக்கு, காதுல விழல. கொஞ்சம் நிழலாப் பாத்துப் போய்ப் பேசுங்க."

ஏசி ஓடும் கடையில் ஏது காற்று, ஏது நிழல் என்று அவன் கேட்கவில்லை. இரும்புத் தகட்டின்மேல் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. கருவியில் ஐம்பத்தொன்று நாற்பத்தெட்டாகி, நாற்பத்தைந்தாகி, நாற்பத்து மூன்றில் நின்றது. நசீரா தண்ணீர் குடிக்கச் சொன்னாள், குடித்தான். இன்னும் பத்து நிமிஷம் அங்கேயே பேசுங்கள் என்று சம்ரீனின் பரீட்சை மார்க்கை ஒவ்வொரு பாடமாகச் சொன்னாள். அழுகை வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹம்ஸா பேனாவை மூடினாள். "எங்காத்துல அண்ணா அமெரிக்கா போய் ஒன்பது வருஷமாச்சு. ஆத்துல எத்தனை பேருன்னு கேட்டா அம்மா இன்னும் நாலு பேருன்னுதான் சொல்றா" என்றாள். படிவத்தில் மன்சூரின் பெயருக்கு நேரே, வழக்கமாக வசிப்பவர் என்ற கட்டத்தில் இருந்த குறியை அழிக்காமல் விட்டுவிட்டு, ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

சமையலறை வாசலில் நின்று சாரா பீவி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அன்று இரவே வடக டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். மகனின் வெயிலில் காய்ந்த அந்த வடகத்தை வீட்டில் யாரும் பொரிக்கவில்லை, பிறருக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை. ஹபீபுல்லா மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குக் கிளம்பும் முன் ஒரு போர்வையை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, கட்டில் முழுக்க விரித்துவிட்டு, துண்டை அவிழ்த்துக் கருவியைப் பார்த்தபடி நின்றார். எண் ஏழு டிகிரி இறங்கியது. அதையும் அவர் உடனே நம்பிவிடவில்லை. போர்வையை எடுத்துப் பார்த்தார், ஏறியது. திரும்பப் போட்டார், இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவிடவில்லை. பள்ளிவாசலிலிருந்து வரும்போது போர்வை மொடமொடவென்று காய்ந்திருக்கும், மறுபடி நனைப்பார்.

ஆய்வறிக்கை அடுத்த வருஷம் வெளியானது. இந்த வட்டாரத்தில் வெயில் அபாயம் எதிர்பாராத அளவில் இருக்கிறது, காரணம் மேலும் ஆராயப்பட வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்ததாம். அதன் பேரில் சந்து முனையில் பந்தல் போட்டுத் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். அந்தத் தண்ணீரை எங்கிருந்து கொண்டுவருகிறார்கள் என்று ஹபீபுல்லா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை பேசும்போது மன்சூர் சொன்னான். "இப்பல்லாம் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கடை ஏசி நல்லா வேலை செய்யுது நசீரா. பிடரில ஈரத் துணி போட்ட மாதிரி ஜில்லுன்னு இருக்கு."

"அப்படியா, நல்லதுங்க" என்றாள் நசீரா. போனை வைத்துவிட்டு, நாளையிலிருந்து போர்வையை இரண்டாக மடித்து நனைக்கும்படி மாமாவிடம் சொன்னாள்.