வாய் வறளாத மாத்திரை

சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில்: பரவை மார்க்கெட் வெங்காய மண்டி முதலாளி சிவக்குமார், தம் தொழிலாளி வீரணனின் சிறுநீருக்குத் தாமே முழுப் பொறுப்பேற்றார். விடியற்காலையில் மைக் வைத்துச் சொன்னார். சுமைக்காரர்கள் பிடரியில் மூட்டையோடு நின்று கேட்டார்கள்.

லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்து தண்டுவடம் முறிந்தவன் வீரணன். வேளைக்கு வேளை டியூப் விட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும். இடையில் மூத்திரப்பை தானாகச் சுருங்கி வேட்டியை நனைத்துவிடும். அதை அடக்க டாக்டர் எழுதிய மாத்திரையை முதலாளி வாங்கித் தந்தார். வேட்டி காய்ந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே மண்டியில் மூட்டைகளுக்கு எடை பார்த்தான்.

ஆனால் வாய் வறண்டது. அங்கேயே வெங்காயம் பொறுக்கும் அவன் மனைவி அன்னக்கொடிக்குச் சந்தேகம். போனஸ் தராத கை மருந்து தருகிறதென்றால் சும்மாவா? ஆளை மெல்லத் தீர்க்கிறார் என்று மண்டியே முணுமுணுத்தது. அவள் சண்டைக்குப் போனாள். முதலாளி பெரிய மனதோடு வேறு மாத்திரை தந்தார், அட்டையில்லாமல், பொட்டலமாக.

வாய் ஈரமானது. வீரணன் பழையபடி பாக்கு மென்றான். வேட்டியும் ஈரமானது. எடைக்கு வேறு ஆள் பார்ப்பதாகப் பேச்சு எழுந்தது.

அன்னக்கொடி பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இது வெறும் சத்து மாத்திரை என்றார் டாக்டர். பழைய மருந்துக்கு வாய் வறளத்தான் செய்யும். பொறுக்கவில்லையென்றால் மாற்று மருந்து உண்டு. இப்படியே விட்டால் கிட்னி கெடும்.

மறுநாள் விடியலில் லாரி வந்து நின்றது. மூட்டை இறக்க யாரும் ஏறவில்லை.

"வாய் வறளுதுன்னு நீதானம்மா சண்டைக்கு வந்த? வறளாத மாத்திரையாத்தான வாங்கித் தந்தேன்" என்றார் சிவக்குமார்.

"வாய் வறளல மொதலாளி. வேட்டிதான் காய மாட்டேங்குது" என்றாள் அன்னக்கொடி.

"சரக்கு அழுகிரும்ப்பா, எறக்குங்க."

"டாக்டர் எழுதுன மருந்து வரட்டும், எறக்குறோம்" என்று சுமைக்காரன் சுருளி தலைத்துண்டை உதறித் தரையில் விரித்தான். பொறுக்கும் பெண்கள் முறத்தைக் கவிழ்த்தார்கள். எல்லோரும் வீரணனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"தள்ளி உக்காரு மாப்ள, நாத்தமடிக்கும்" என்றான் வீரணன்.

"அழுகுன வெங்காயத்த விடவா?" சுருளி நாற்காலியோடு ஒட்டி உட்கார்ந்தான்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அன்னக்கொடிக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது: அடுத்து வரும் மாத்திரையை யார் சோதிப்பது? அட்டையோடு வந்தால் எல்லோருமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுவதென்று முடிவாயிற்று.

யோசித்துச் சொல்வதாக முதலாளி காரில் ஏறினார்.

வெயில் ஏறியது. வேட்டி காயவில்லை.