பட்டன் அக்காவுக்கு வரிசையில் ஓர் இடம்

பட்டன் அக்கா சிரித்துக்கொண்டே அலுவலகத்துக்குள் வந்தால் பெரிய வேலை ஒன்று வைக்கப்போகிறாள் என்று அர்த்தம். நகராட்சி உதவி மேசையில் உட்கார்ந்திருந்த ஆபீசரம்மாவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் சக்கர நாற்காலி கதவைத் தாண்டும்போதே பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

அந்த வட்டத்துக்கு அவள்தான் அலுவலர். யாருக்காவது உதவித்தொகை நின்றுபோனால் அவளிடம் வருவார்கள். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி ஏற்பாடும் அவள் தலையில்தான். பழைய கட்டடங்களில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் விண்ணப்பம் அவள் மேசைக்குத்தான் வரும். வேலை மூன்று, சம்பளம் ஒன்று என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

"ஆபீசரம்மா, இந்தத் தடவை என்னை யாரும் தூக்கக் கூடாது" என்றாள் பட்டன் அக்கா.

"யாரு உங்களைத் தூக்கினாங்கக்கா?"

"ஓட்டுப் போடத்தான். போன தேர்தல்ல ரெண்டு ஆம்பளைங்க நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்களே, மறந்துட்டீங்களா? 'செவுத்துல இடிக்குதுடா, கொஞ்சம் சாய்ச்சுப் புடி'ங்கறான் ஒருத்தன். நான் என்ன பீரோவா?"

ஆபீசரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உங்க வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்கற வசதி இருக்குக்கா. எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

"வீட்டுக்குப் பால்காரர் வர்றாரு, அது போதும். நான் வரிசையில நிக்கணும். சரி, நிக்க முடியாது, உக்காரணும். முன்னாடி ஒருத்தி, பின்னாடி ஒருத்தி இருக்கணும். யாரு சட்டையில பட்டன் தப்பா தச்சிருக்குன்னு பாக்கணும். வம்பு பேசணும். எவ்வளவு நேரம்தான் காக்க வைப்பாங்கன்னு சலிச்சுக்கணும். நீங்க என்னடான்னா நேரா உள்ள கொண்டுபோய் இறக்கி, போட்டதும் வெளிய கொண்டாந்து விட்டுடறீங்க. ஊரே சேர்ந்து ஒரு காரியம் பண்ணுது. நான் மட்டும் பார்சல் மாதிரி வந்துட்டுப் போறேன்."

பட்டன் அக்காவின் தையற்கடை கடைத்தெரு முனையில் இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கால்கள் வராது. அதைப் பற்றி அவள் இதுவரை எந்த அலுவலகத்திலும் போய்க் குறை சொன்னதில்லை. அவள் போன பிறகும் 'பார்சல்' என்ற சொல் ஆபீசரம்மாவின் காதை விட்டுப் போகவில்லை.

வாக்குச்சாவடி ஊர் மன்றத்தில் இருந்தது. அகலமான கற்படிகளும் உயரமான கதவும் கொண்ட பழைய கட்டடம். சக்கர நாற்காலி ஏற வேண்டுமானால் படிகளின் பக்கத்தில் ஒரு சாய்தளம் போட வேண்டும். அதற்குப் பாரம்பரியக் கட்டடக் காப்புக் குழுவின் சம்மதம் வேண்டும். குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அதைவிடப் பெரிய சிக்கல், அவர் ஆபீசரம்மாவின் மாமனார்.

இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தாள். "மாமா, மன்றத்துப் படிக்கட்டு ஓரமா ஒரு சாய்தளம் போடலாமான்னு..."

மாமனார் கையில் கரண்டி அப்படியே நின்றது. "சிமென்ட்லயா?"

அந்தச் சொல்லை அவர் கெட்ட வார்த்தை போலத்தான் உச்சரிப்பார்.

"எதுலயாவது."

"எதுலயும் கிடையாது. அது என்ன படிக்கட்டுன்னு தெரியுமாம்மா உனக்கு?"

அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஒரு காலத்தில் அங்கே சொந்த வீடு உள்ளவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. கூலி வேலை செய்தவர்களும் வாடகைக்கு இருந்தவர்களும் எங்களுக்கும் வேண்டும் என்று அந்தப் படிகளில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அடைமழையிலும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கேட்டதை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார்கள்.

"எங்கம்மா அந்தக் கூட்டத்துல முன்வரிசை. நான் வயித்துக்குள்ள. அப்படிப் பாத்தா அந்தப் போராட்டத்துல நானும் இருந்திருக்கேன்."

"நீங்க தூங்கியிருப்பீங்கப்பா" என்றான் அவர் மகன், ஆபீசரம்மாவின் கணவன். பஸ் டிரைவர். வீட்டுச் சண்டைகளில் எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராக ஓட்டிப் பழகியவன்.

"அவங்க எதுக்கு மாமா உக்காந்தாங்க? எல்லாரும் உள்ள போகணும்னுதானே?"

மாமனார் டம்ளரை எடுத்து வாயில் வைத்தார். ஏற்கனவே குடித்து முடித்திருந்த டம்ளர் அது. "கல்லுல கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று எழுந்து போனார்.

சரி, சாவடியையே மாற்றிவிடலாம் என்று மார்க்கெட் கிடங்கைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தரைமட்டம், அகலக் கதவு, ஒரு தொல்லையும் இல்லை. விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, மறுநாள் காலை அலுவலக வாசலில் கூட்டம். வெங்காய மூட்டைக்கு நடுவிலா ஓட்டுப் போடுவது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அதிகமாகக் கத்தியது பட்டன் அக்காதான்.

"எனக்கு ஒரு வழி கேட்டா, மொத்த ஊரையும் கிடங்குக்குத் துரத்தறீங்களே! நாளைக்கு ஊரே என்னைத் திட்டும். நான் அங்கதான் போகணும். எல்லாரும் போற எடத்துக்கு."

ஆபீசரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வழி வேறு பக்கமிருந்து வந்தது. அந்த வாரம் மன்றத்தில் பள்ளி நாடகம். முடிந்ததும் கதவைப் பூட்ட வந்தவள், மேடை போடும் தச்சர் ஒரு முழு அரண்மனையைப் பிரித்து வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தாள். தூண், மாடம், ராஜா இறங்கி வந்த படிக்கட்டு, எல்லாம் துண்டு துண்டாகக் கழன்றன. தரையில் ஒரு கீறல்கூட இல்லை.

"அண்ணே, இதே மாதிரி வெளியில ஒரு சாய்தளம் போட முடியுமா? கல்லுல ஒரு ஆணிகூடப் படக்கூடாது."

"அரண்மனையே போடறோம், ஒரு பலகைப் பாதை போட மாட்டோமா?" என்றார் அவர்.

சொன்னது போல் சுலபமாக இல்லை. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது விதி. நேராகப் போட்டால் பாதை தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கூடத்துக்குள் போய்விடும். ஆகவே சுவரோரமாக மடக்கி, பக்கத்து முடிதிருத்தும் கடை வாசலில் கொண்டுவந்து முடித்தார்கள். கடைக்காரரிடம் ஆபீசரம்மா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். அவருக்கோ வாயெல்லாம் பல்.

"தாராளமாப் போடுங்கம்மா. இறங்கி வர்றவங்க எல்லாம் என் கண்ணாடியில தலையைப் பாத்துட்டுத்தான் போகணும். பாதிப் பேரு உள்ள வந்துடுவாங்க."

கல்லைத் தொடாது என்றால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்த மாமனார், சோதனை ஓட்டத்துக்கு டார்ச்சோடு வந்தார். வெளிச்சம் இன்னும் மங்காத சாயங்காலம். இருந்தும் டார்ச். தெருவில் குப்புறப் படுத்துப் பலகைக்கு அடியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு காலுக்கும் கீழே தடித்த ரப்பர். கல் மேல் எதுவும் உரசவில்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். குறை கிடைக்காத வருத்தம் முகத்தில் தெரிந்தது.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. சக்கரம் வழுக்கினா?"

"உக்காந்து பாருங்களேன் ஸ்டேஷன் மாஸ்டர்" என்றாள் வேடிக்கை பார்க்க வந்திருந்த பட்டன் அக்கா.

மருத்துவமனையிலிருந்து ஆபீசரம்மா இரவல் வாங்கி வந்த நாற்காலி ஒன்று அங்கே இருந்தது. பத்துப் பேர் பார்க்கிறார்கள், மறுக்க முடியவில்லை. உட்கார்ந்தார். நாற்காலி கற்படிகளைப் பார்த்தபடி நின்றது. வாழ்நாள் முழுக்க அவர் ஏறி இறங்கிய படிகள். அண்ணாந்து பார்த்தார்.

"என்ன, அப்படியே பாக்கறீங்க?" என்றாள் பட்டன் அக்கா.

"இங்கேருந்து பாத்தா படி மாதிரியே இல்லம்மா. செவுரு மாதிரி இருக்கு."

பிறகு மகன் நாற்காலியைத் தள்ளினான். திருப்பத்தில் லேசாக முனகியதைத் தவிர மற்றபடி அழகாக மேலே போய்ச் சேர்ந்தது. வாசலில் நாற்காலியில் இருந்தபடியே மாமனார் பச்சைக்கொடி காட்டுவது போல் கையை அசைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இறங்கும்போதுதான் வினை. "டிரைவர் அண்ணே!" என்று தெருவில் போன யாரோ கூப்பிட, பதிலுக்கு மகன் ஒரு கையைத் தூக்கிவிட்டான். மிச்சமிருந்த ஒரு கை போதவில்லை. நாற்காலி அவனை விட்டுவிட்டுத் தானே கிளம்பியது. கடைசிச் சரிவில் உருண்டு, திறந்திருந்த கதவு வழியாக முடிதிருத்தும் கடைக்குள் புகுந்து, காத்திருப்பவர்களின் சோபாவில் முட்டி நின்றது. கடைக்காரர் திடுக்கிட்டுப் போனார். ஆனால் கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. துண்டை உதறி மாமனார் கழுத்தில் போட்டார்.

"கட்டிங்கா, ஷேவிங்கா?"

ஆபீசரம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். சாய்தளம் போச்சு, தேர்தல் போச்சு, வீட்டில் நிம்மதியும் போச்சு என்று அந்தச் சில அடிகளுக்குள் எல்லாவற்றையும் நினைத்துவிட்டாள். "மாமா! அடி கிடி பட்டுச்சா?"

மாமனார் கண்ணாடியில் தன்னையே முறைத்துக்கொண்டிருந்தார். துண்டை உருவி எறிந்தார்.

"கைப்பிடி எங்க? ஓரத்துல தடுப்பு எங்க? அந்தத் திருப்பத்துல நாற்காலி நின்னு மூச்சு விட ஒரு சமதளம் வேணாமா? ஒரு சரக்கு வண்டியைக்கூட இப்படி அனுப்ப மாட்டேன்! தச்சரே, பென்சில் குடுய்யா."

போகிற போக்கில் மகனையும் விடவில்லை. "உனக்கெல்லாம் எவன்டா லைசென்ஸ் குடுத்தான்?"

தெருவில் பட்டன் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆபீசரம்மாவுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. மாமனார் 'வேண்டாம்' என்று சொல்லாமல் 'வேண்டும்' என்று அடுக்குகிறார் என்பது அவளுக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது. மறுநாளிலிருந்து தச்சர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. காலையில் தச்சர் பட்டறையைத் திறக்கும்போது குழுத் தலைவர் வாசலில் நிற்பார்.

தேர்தலன்று பட்டன் அக்கா கழுத்து முதல் இடுப்பு வரை பெரிய சிவப்புப் பட்டன்கள் வைத்த புதுச் சட்டையில் வந்தாள். யாரும் தள்ளவில்லை. வரிசை சாய்தளத்தின் மேலேயே வளைந்து நின்றது. முழங்கால் வலிக்காரர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த தாய்மார்கள், எந்த வலியும் இல்லாத வாலிபர்கள்கூட அதில்தான். அவளுக்கு முன்னால் பேக்கரிக்காரி. இருவரும் யார் வீட்டுக் கல்யாணம் ஏன் தள்ளிப்போனது என்று அலசிக்கொண்டே நகர்ந்தார்கள். நடுவில் ஒருவர் கைப்பிடிக்குக் கீழே குனிந்து நுழையப் பார்த்தார்.

"ஏங்க, நாங்க எல்லாம் இங்க என்ன வேடிக்கை பாக்கவா வந்திருக்கோம்? பின்னாடி போங்க!" என்று பட்டன் அக்கா போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த தேர்தல் அலுவலர்களே எட்டிப் பார்த்தார்கள். இப்படி ஒரு அதட்டல் போட அவள் எத்தனை தேர்தலாகக் காத்திருந்தாளோ!

வெளியே வந்தவளிடம் ஆபீசரம்மா ஆசையாகக் கேட்டாள், "எப்படிக்கா இருந்துச்சு?"

"அநியாயத்துக்கு லேட்டும்மா. என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க? வெயில்ல மண்டை காயுது" என்றாள் பட்டன் அக்கா. முகமெல்லாம் சந்தோஷம். பேச்சு முடியாததால் பேக்கரிக்காரியையும் கூட்டிக்கொண்டு தன் தையற்கடைக்குப் போனாள்.

மறுநாள் தச்சர் வண்டியோடு வந்தபோது சாய்தளத்தைக் கழற்ற முடியவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் அதில் ஏறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மன்றத்து வாசகசாலைக்குப் போகிற பெரியவர்கள். கழற்றாதீர்கள் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆபீசரம்மா மாமனாரைத் தேடிப் போனாள். அவர் திருப்பத்துச் சமதளத்தில் சாய்ந்து நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, தேர்தல் வரைக்கும்தான் குழு அனுமதி குடுத்திருக்கு. இனிமே வச்சிருக்கணும்னா கூட்டம் போட்டு முடிவு பண்ணணும். அதுவரைக்கும் எடுக்கவா?"

"அடுத்த கூட்டம் வரைக்கும் இருக்கட்டும்மா."

"அடுத்த கூட்டம் எப்போ?"

"தலைவர் கூப்பிடும்போது" என்றார் அவர், பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பியபடி.